கை விறைக்கிறதா? மோட்டார் சைக்கிள் ஹாண்டிலை உயர்த்துமுன் அறிய வேண்டியவை

குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கியதும், கராஜில் மூடி வைத்திருந்த மோட்டார் சைக்கிள்கள் வெளியே வருவதை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். நம்மவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் இன்று பலவகையினர். லண்டன் வாகன நெரிசலில் நேரத்தை மிச்சம்பிடிக்க அதில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உணவும் பொதிகளும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலில் நாள் முழுவதும் அதன்மேல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, இளமையில் விட்ட ஆசையை மீண்டும் தொடங்கிய ஐம்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் சங்க நிகழ்வுகளில் இவர்கள் எம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். அரை மணித்தியாலம் ஓடினால் விரல் விறைக்கிறது, கழுத்து இறுகுகிறது, இறங்கும்போது நாரி நிமிர மறுக்கிறது. இதற்கு நண்பர்கள் சொல்லும் பரிகாரமும் ஒன்றுதான்: "ரைசர் ஒன்று வாங்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும்."

ரைசர் பலருக்கு நல்ல பலன் தருகிறது என்பது உண்மை. ஆனால் எல்லா வலிக்கும் அது மருந்தல்ல. அளவு தெரியாமல் உயர்த்தினால் புதிய வலி வரும். கேபிள்களையும் பிறேக் குழாயையும் பார்க்காமல் பூட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே, வலி எங்கிருந்து வருகிறது, ரைசர் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது, பூட்டும்போது எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பவற்றை இம்முறை விளக்குகிறோம். ஓட்டுபவர்கள் மட்டுமல்ல, ஓட்டுபவரை வீட்டில் வைத்திருக்கும் மனைவி, பெற்றோர், பிள்ளைகளும் வாசிக்க வேண்டிய விடயம் இது.

உடம்பு ஏன் நோகிறது?

மோட்டார் சைக்கிளில் நாம் மூன்று இடங்களில் தாங்கப்படுகிறோம்: சீட், கால் வைக்கும் கட்டைகள், ஹாண்டில். இவற்றில் உடம்பின் பாரத்தை ஏற்க வேண்டியவை முதல் இரண்டும்தான். ஹாண்டில் திருப்புவதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் உரியது, ஊன்றுவதற்கு உரியதல்ல.

ஹாண்டில் எட்டாத தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருந்தால் மேலுடம்பு முன்னே சாய்கிறது. அந்தப் பாரத்தை இடுப்பும் வயிற்றுத் தசைகளும் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவை களைத்ததும் நாம் அறியாமலே முழங்கையை நீட்டிப் பூட்டி, உள்ளங்கையில் ஊன்றிக்கொள்கிறோம். அப்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடிகிறது. வீதியின் ஒவ்வொரு குழியும் நேராகத் தோள்வரை அடிக்கிறது.

கழுத்தின் கதையும் இதுதான். தலை சுமார் 5 கிலோ எடையுள்ளது. ஹெல்மெட் அதன்மேல் இன்னும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. உடம்பு முன்னே சாய்ந்திருக்கும்போது வீதியைப் பார்ப்பதற்காகத் தலையை மட்டும் பின்னுக்கு நிமிர்த்தி வைத்திருக்கிறோம். பின்கழுத்துத் தசைகள் ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கழுத்து இறுக்கம், தோள்மூட்டு உளைவு, சிலருக்குப் பின்மண்டை வலி ஆகியவை இதனால் வருகின்றன.

நாரியில் வேறு விதம். முன்னே எட்டிப் பிடிக்கும்போது இடுப்பு பின்னே உருண்டு, முதுகு வில்லாக வளைகிறது. அந்த வளைவிலேயே ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு இறங்கினால் நாரி பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

எந்த விரல் விறைக்கிறது என்று பாருங்கள்

"கை விறைக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த விரல் என்று கவனிப்பது மிக முக்கியம். உள்ளங்கைக்குள் போகும் இரண்டு முக்கிய நரம்புகள் வெவ்வேறு விரல்களுக்குரியவை.

சுண்டுவிரலும், மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் விறைத்தால் அல்நார் நரம்பைச் சந்தேகிக்கலாம். இது சுண்டுவிரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டு வழியாகப் போகிறது. அங்கே அதற்குப் பாதுகாப்புக் குறைவு. உள்ளங்கையை ஹாண்டில் பிடியில் நெடுநேரம் ஊன்றும்போது இந்த நரம்பு நசுங்குகிறது. நெடுந்தூரம் மிதிக்கும் சாதாரண சைக்கிள்காரரிடமும் இது நன்கு அறியப்பட்ட பிரச்சினை.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவையும் மோதிரவிரலின் மறுபாதியும் விறைத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவிலுள்ள ஒடுங்கிய வழியால் இது போகிறது. அந்த வழியைத்தான் வைத்தியர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். மணிக்கட்டு பின்னே மடிந்திருக்கும்போது அதற்குள் அழுத்தம் கூடுகிறது. கிளச்சை ஓயாமல் இறுக்கிப் பிடிப்பதும் அதற்குத் துணைபோகிறது.

எல்லா விரல்களும் ஒன்றாகக் கூசி, வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் எஞ்சின் அதிர்வும் இறுக்கமான பிடியும் காரணமாக இருக்கலாம். குளிரில் விரல்நுனிகள் வெளிறி வெள்ளையாகப் போவது வேறு விடயம். அது நெடுங்காலம் அதிர்வுக்கு உட்பட்டவர்களில் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். பிரித்தானியாவில் வேலையில் ஏற்படும் கை அதிர்வைக் கட்டுப்படுத்த 2005ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டவிதிகளே உள்ளன. இதை ஹாண்டில் உயரத்தால் தீர்க்க முடியாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ரைசர் என்றால் என்ன?

ஹாண்டில் குழாயைத் தாங்கி நிற்கும் பிடிக்கட்டைகள் முன் போர்க்கின் மேல்தட்டில் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டைக்கும் தட்டுக்கும் இடையில், அல்லது கட்டைக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் வைக்கும் உலோகத் துண்டுதான் ரைசர். பெரும்பாலும் அலுமினியத்தால் செய்யப்படுகிறது. கூடவே நீளமான போல்ட்களும் வரும். சிலவற்றில் பழைய கட்டையைக் கழற்றிவிட்டு உயரமான புதிய கட்டையையே பூட்டுவார்கள். இன்னும் சில ஹாண்டிலை உயர்த்துவதோடு பின்னுக்கும் கொண்டுவரும்.

இங்கே ஒரு சிறிய கணக்கைக் கவனிக்க வேண்டும். முன் போர்க் செங்குத்தாக நிற்பதில்லை, ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. ஆகவே அந்தச் சாய்வின் வழியே உயர்த்தும்போது ஹாண்டில் மேலே வருவதோடு எம்மை நோக்கியும் வருகிறது. சாய்வு 25 பாகை என்றால், 30 மி.மீ. ரைசர் ஹாண்டிலைச் சுமார் 27 மி.மீ. மேலேயும் சுமார் 13 மி.மீ. பின்னேயும் கொண்டுவரும். சிறிய ரைசரே பலருக்குப் போதுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா வண்டிக்கும் ரைசர் போட முடியாது. பந்தய பாணி வண்டிகளில் ஒவ்வொரு கைப்பிடியும் போர்க் குழாயிலேயே தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். அதற்குச் சாதாரண ரைசர் பொருந்தாது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஹாண்டில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பதால் அங்கும் இது கடினம். பொதி விநியோகம் செய்யும் இளைஞர்கள் பலர் 125 சி.சி. ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அடுத்த பகுதியில் சொல்பவையே அதிகம் உதவும்.

காசு கொடுத்து வாங்குமுன் செய்து பார்க்க வேண்டியவை

1. லீவர்களின் கோணம். வண்டியில் இயல்பாக அமர்ந்து, விரல்களைக் கிளச், பிறேக் லீவர்கள்மேல் நீட்டுங்கள். முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் பின்னே மடிகிறது. லீவரின் பிடிப்பைச் சற்றுத் தளர்த்தி, கீழே திருப்பி இறுக்கிவிடலாம். எம்மைக் கேட்டால், பாதிப் பேருடைய மணிக்கட்டு வலிக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

2. ஹாண்டிலைச் சுழற்றுதல். பல வண்டிகளில் ஹாண்டிலை அதன் பிடிக்கட்டைக்குள் சில பாகை பின்னே சுழற்றலாம். தாங்கியில் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஹாண்டிலில் சுழலாதபடி துளையும் முனையும் வைத்திருந்தால் அதை வெட்டி எடுக்கக் கூடாது.

3. சீட்டில் இருக்கும் இடம். முன்னே வழுக்கி, தாங்கியோடு ஒட்டி அமர்ந்திருப்பவர்கள் கைகளால்தான் தம்மைத் தள்ளிப் பிடிக்கிறார்கள். இடுப்பைப் பின்னே வைத்து, முழங்கால்களால் தாங்கியை மெல்ல அணைத்துப் பிடியுங்கள். கைகளின் பாரம் உடனே குறைவதை உணர்வீர்கள்.

4. கையுறையும் பிடியும். உள்ளங்கையில் தடித்த தையல் உள்ள கையுறை அந்த இடத்திலேயே நரம்பை அழுத்தும். இறுக்கமான கையுறையும் விறைப்பைத் தரும். தேய்ந்து கல்லாகிப்போன பிடி றப்பரை மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது.

இவற்றைச் செய்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். குறைந்துவிட்டால் நல்லது. குறையாவிட்டால் ரைசரைப் பற்றி யோசிக்கலாம்.

எவ்வளவு உயர்த்துவது?

அடுத்தவரின் வண்டிக்கு 50 மி.மீ. சரியாக இருந்தது என்பதற்காக உங்களுக்கும் அது சரியாகாது. உயரமும் கைநீளமும் ஆளுக்கு ஆள் வேறு. வீட்டிலேயே அளக்கலாம். இதற்கு ஒருவரின் துணை வேண்டும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நடு ஸ்டாண்ட் இல்லாவிட்டால் துணைக்கு வந்தவர் நிமிர்த்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் அளக்கட்டும். வழக்கமாக அணியும் ஜக்கெற், ஹெல்மெட், கையுறையோடு அமருங்கள். கண்களை மூடி, தோள்களைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடித்து, ஹாண்டில் இருக்க வேண்டும் என்று உடம்பு நினைக்கும் இடத்தில் கைகளை நிறுத்துங்கள். அந்த இடத்துக்கும் உண்மையான பிடிக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தையும், முன்பின் வித்தியாசத்தையும் துணைக்கு வந்தவர் அளந்து குறித்துக்கொள்ளட்டும். மூன்று முறை செய்து நடு அளவை எடுங்கள். பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. நின்ற வண்டியில் வழக்கம்போல் அமர்ந்துகொண்டு இரு கைகளையும் பிடியிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். உடம்பு அப்படியே நின்றால் நல்லது. முன்னே விழப்பார்த்தால், இவ்வளவு காலமும் உங்களைத் தாங்கியது கைகள்தான் என்று அர்த்தம்.

அளவு 40 மி.மீ. என்று வந்தாலும் உடனே 40 மி.மீ. போட வேண்டியதில்லை. 20 மி.மீ. அல்லது 30 மி.மீ.யில் தொடங்குவதே எமது ஆலோசனை. உடம்புக்கு அந்தச் சிறு மாற்றமே போதுமாக இருக்கலாம். அதோடு, உயரம் கூடக்கூட கேபிள்களும் குழாய்களும் எட்டாமல் போகும் ஆபத்தும் கூடுகிறது.

வாங்கும்போது ஹாண்டில் குழாயின் விட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பொதுவாக 22 மி.மீ., 25.4 மி.மீ., 28.6 மி.மீ. என்ற மூன்று அளவுகள் உள்ளன. தவறான அளவு இறுகியதுபோலத் தெரிந்தாலும் ஓடும்போது சுழன்றுவிடும். உங்கள் வண்டியின் மாதிரிக்கும் வருடத்துக்கும் என்றே செய்யப்பட்டதை வாங்குவதே பாதுகாப்பு.

மிக உயர்த்தினால் என்ன?

"உயரம் கூடினால் சுகமும் கூடும்" என்று நினைப்பது சரியல்ல. ஹாண்டில் தேவைக்கு மேல் உயர்ந்தால் தோள்கள் காதுப்பக்கம் ஏறி நிற்கும். அப்போது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை நோகும். நேராக நிமிர்ந்து அமர்ந்தால் வீதியின் குழிகள் கொடுக்கும் அடி முழுவதும் முதுகெலும்பின் வழியே நேராக மேலேறும். நாரித் தட்டு விலகல் உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் காற்று நெஞ்சில் அடித்துப் பின்னே தள்ளும். அதற்கு எதிராகக் கைகள் இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். முன்சக்கரத்தின்மேல் உள்ள பாரமும் சற்றுக் குறைவதால் வண்டியின் உணர்வும் மாறும்.

சரியான நிலை நடுவில் இருக்கிறது. தோள் தாழ்ந்து, முழங்கை சற்று மடிந்து, மணிக்கட்டு நேராக, உடம்பு மிகச் சிறிதளவு முன்னே சாய்ந்து இருக்க வேண்டும்.

பூட்டும் முறை

கருவிகளும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இது ஒரு மணித்தியால வேலை. டோர்க் ரென்ச் இல்லாதவர்களும், போல்ட் இறுக்கத்தைக் கைக்கணக்கில் பார்ப்பவர்களும் இதைக் கராஜில் கொடுப்பதே நல்லது. எப்படியானாலும் வேலை எவ்வாறு நடக்கிறது என்று தெரிந்திருப்பது பயன்தரும்.

1. வண்டி அசையாதபடி நிறுத்தி, பெற்றோல் தாங்கியைப் பழைய தடித்த துவாயால் மூடுங்கள். கேபிள்கள் ஓடும் வழியைப் படமெடுத்து வையுங்கள்.

2. ஹாண்டில் இப்போது இருக்கும் கோணத்தைச் சிறு ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பிடிக்கட்டையின் மேல்மூடிப் போல்ட்களைக் கழற்றி ஹாண்டிலைத் தூக்கித் துவாயின்மேல் வையுங்கள். பிறேக் எண்ணெய்க் கிண்ணம் தலைகீழாகக் கூடாது. அதற்குள் காற்று போனால் பிறேக் மென்மையாகிவிடும். பிறேக் எண்ணெய் பட்டால் வர்ணமும் உரியும்.

4. ரைசரைப் பொருத்தி, அதனுடன் வந்த போல்ட்களையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடந்த போல்ட் வேண்டாம். போல்ட் குறைந்தது தன் விட்டத்தின் அளவுக்காவது மரைக்குள் போயிருக்க வேண்டும். அலுமினிய மரை என்றால் ஒன்றரை மடங்கு போவது நல்லது. சில சுற்று மட்டும் பிடித்திருக்கும் போல்ட் ஒரு நாள் மரையோடு கழன்றுவரும்.

5. வண்டியின் கைநூலில் சொன்ன டோர்க் அளவுக்கு இறுக்குங்கள். ரைசருடன் வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதற்குரிய போல்ட்களுக்கு அந்த அளவு. பல வண்டிகளில் மேல்மூடியின் முன்பக்கப் போல்ட்களை முதலில் முழுதாக இறுக்கி, பிறகு பின்பக்கத்தை இறுக்க வேண்டும். பின்பக்கத்தில் சிறு இடைவெளி இருப்பது அவற்றில் இயல்பு. உங்கள் வண்டிக்கு எந்த முறை என்பதைக் கைநூலில் பாருங்கள்.

6. 50 முதல் 100 மைல் ஓடியபின் எல்லாப் போல்ட்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஓட்டுமுன் தவிர்க்கக் கூடாத பரிசோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஹாண்டில் உயர்ந்தாலும் கேபிள்களின் நீளம் உயராது. நேராக நிற்கும்போது தளர்வாகத் தெரியும் கேபிள், ஹாண்டிலை முழுதாகத் திருப்பும்போது இழுபடும்.

சில வருடங்களுக்கு முன் எமது அங்கத்தவர் ஒருவர் கராஜ் ஒன்றில் ரைசர் பூட்டுவித்துக்கொண்டு வந்தார். நேர்வீதியில் எந்தக் குறையும் இல்லை. வீட்டு ஒழுங்கைக்குள் முழுதாக வளைத்தபோது எஞ்சின் தானாக இரைந்து வண்டி முன்னே பாய்ந்தது. அக்சிலேட்டர் கேபிள் இழுபட்டிருந்தது. ஒழுங்கையில் அந்த நேரம் பிள்ளைகள் யாரும் விளையாடவில்லை என்பதுதான் அதிர்ஷ்டம். அந்தப் பரிசோதனையைக் கராஜிலேயே செய்திருந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

செய்ய வேண்டியவை இவைதான்:

எஞ்சினை நிறுத்தி, ஹாண்டிலை இடதுபக்கம் முடியுமட்டும் திருப்புங்கள், பிறகு வலதுபக்கம். இரு முனைகளிலும் முன் பிறேக் குழாய், கிளச் கேபிள் அல்லது குழாய், அக்சிலேட்டர் கேபிள்கள், சுவிட்ச் வயர்கள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எதுவும் விறைத்து நிற்கக் கூடாது, எதிலும் உரசக் கூடாது, மடிந்து நசுங்கவும் கூடாது.

முன்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, போர்க் முழுதாக நீண்ட நிலையில் பிறேக் குழாயை மீண்டும் பாருங்கள். குழியில் விழுந்து எழும்போது போர்க் அப்படித்தான் நீளும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் மேலதிகக் குழாய்களும் வயர்களும் இருக்கும். அவற்றையும் பாருங்கள்.

அக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது தானாகத் துள்ளி மூட வேண்டும்.

பிறகு திறந்தவெளியில், கியரைப் போடாமல் எஞ்சினை இயக்கி, ஹாண்டிலை மெதுவாக இருபக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடவோ குறையவோ கூடாது. கூடினால் கேபிள் இழுபடுகிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

ஹாண்டிலோ உங்கள் கையோ தாங்கியிலும் முன் கண்ணாடியிலும் நசுங்காமல் இருக்கிறதா என்றும், பிறேக் விளக்கு, ஹோர்ன், சிக்னல் எல்லாம் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏதாவது குழாய் எட்டவில்லை என்றால் இரண்டே வழிகள்தான்: சிறிய ரைசர், அல்லது நீளமான குழாய். பிறேக் குழாய் மாற்றுவது, எண்ணெய் மாற்றிக் காற்றெடுப்பது ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடமே கொடுங்கள். குழாயை வேறு வழியால் வளைத்து எட்டச்செய்வது ஆபத்து.

காப்புறுதியும் எம்.ஓ.டி.யும்

ரைசர் வண்டியில் செய்யும் ஒரு மாற்றம். ஆகவே அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் இருந்து விபத்து நேர்ந்தால் நட்டஈட்டில் சிக்கல் வரலாம். தொலைபேசியில் சொன்னாலும் எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவில் மூன்று வருடங்களைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனை தேவை. அதில் ஹாண்டிலின் உறுதியும், அது தடையின்றித் திரும்புவதும், பிறேக் குழாய்களின் நிலையும் பார்க்கப்படும். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் வாழும் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு: ஜேர்மனி போன்ற நாடுகளில் விதி இதைவிட இறுக்கமானது. அங்கே ரைசருக்கு அங்கீகாரப் பத்திரம் வேண்டும். சிலவற்றைப் பூட்டியபின் பரிசோதகரிடம் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும். இங்கே வாங்கி அங்கே அனுப்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரைசரால் தீராதது

விறைப்பு வண்டி ஓட்டும்போது மட்டும் வந்து, இறங்கியதும் போய்விட்டால் ஹாண்டிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் கீழ்க்கண்டவை இருந்தால் ரைசர் கடைக்குப் போகுமுன் ஜி.பி.யிடம் போங்கள்:

இரவில் விறைப்பினால் விழித்து, கையை உதறினால்தான் சரியாகிறது என்றால்.

வண்டி ஓட்டாத நாட்களிலும் விறைப்பு இருந்தால்.

கையிலிருந்து பொருட்கள் நழுவினால், சட்டைப் பொத்தான் பூட்டச் சிரமமாக இருந்தால், பெருவிரல் அடிமேடு வற்றிப்போனதுபோல் தெரிந்தால்.

கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம்போல் வலி ஓடினால்.

இரண்டு கைகளோடு பாதங்களும் விறைத்தால்.

கடைசியில் சொன்னது எம்மவர்களுக்கு மிக முக்கியமானது. தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, பிரித்தானியாவின் வெள்ளை இனத்தவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கும். கார்ப்பல் டனல் பிரச்சினையும் நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். தைரொயிட் குறைவாகச் சுரப்பவர்களுக்கும் அப்படியே. "ஹாண்டில்தான் காரணம்" என்று ரைசருக்குமேல் ரைசர் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் தேவையானது ஓர் இரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களில், ஏற்கெனவே சில நோய்கள் கண்டறியப்படாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இலவச உடல்நலப் பரிசோதனை தருகிறது. அந்தக் கடிதம் வந்தால் எறிந்துவிடாதீர்கள்.

கார்ப்பல் டனல் ஆரம்ப நிலையில் இருந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியைச் சில வாரங்கள் அணிவதாலேயே பலருக்குக் குறையும். அதற்கு மேல் ஊசியும், சிறிய சத்திரசிகிச்சையும் உண்டு. நெடுநாள் நசுங்கிய நரம்பு முழுதாகத் திரும்பி வராமலும் போகலாம். ஆகவே "பார்த்துக்கொள்ளலாம்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

நாரி வலியோடு இரு கால்களும் பலவீனமாகி, இருக்கும் பகுதி விறைத்து, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நெஞ்சுவலியோடு கை நொந்தாலோ, ஒரு பக்கக் கையும் முகமும் திடீரெனச் சோர்ந்தாலோ 999ஐ அழையுங்கள். அவற்றை வண்டி ஓடிய களைப்பு என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

நாளாந்தம் செய்யக்கூடியவை

எவ்வளவு நல்ல ஹாண்டிலும் அசையாமல் இருக்கும் உடம்புக்கு உதவாது. நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது இறங்கி ஐந்து நிமிடம் நடவுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கியரை எடுத்துவிட்டுக் கிளச் கையைத் தளர்த்தி, விரல்களை விரித்து மூடுங்கள், தோள்களை ஒருமுறை மேலே தூக்கிக் கீழே விடுங்கள். பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். குஞ்சு ஒன்றைக் கையில் வைத்திருப்பதுபோல் நழுவாமலும் நசுங்காமலும் பிடித்தால் போதும். வாரத்தில் சில நாட்கள் வயிறு, முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்தால், மேலுடம்பைத் தாங்கும் வேலை கைகளுக்கு வராது.

பொதி விநியோகம் செய்யும் இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். பையை முதுகில் சுமந்துகொண்டு எட்டு மணித்தியாலம் ஓடினால் எந்த ஹாண்டிலும் நாரியைக் காப்பாற்றாது. பாரத்தை வண்டியின் பெட்டிக்கு மாற்றுங்கள். கை விறைப்பதால் ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை அறிவோம். ஆனால் பிறேக் பிடிக்க வேண்டிய விரல் விறைத்திருக்கும்போது ஓட்டுவது உங்களுக்கும் வீதியில் நடப்பவர்களுக்கும் ஆபத்து.

சுருக்கமாகச் சொன்னால்: முதலில் எந்த விரல், எந்த நேரம் என்று கவனியுங்கள். லீவரையும் இருக்கையையும் சரிசெய்யுங்கள். அளந்து, சிறிதாக உயர்த்துங்கள். இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாராமல் வீதிக்கு எடுக்காதீர்கள். அதன் பிறகும் விறைப்பு நின்றால் ஜி.பி.யிடம் நேரம் எடுங்கள்.

இந்தக் கோடையில் வண்டியை வெளியே எடுக்கும் எல்லோரும் நோவில்லாமல் ஓடி, நல்லபடியாக வீடு வந்து சேர வாழ்த்துகிறோம்.